ஆருக்குப் பாலம்?

பாலம் ஒன்றைக் காண்பதற்கென்றே பயணம் செய்வது, நின்று எண்ணிப் பார்த்தால், விந்தையானதொரு செயலாகும். பாலம் வேறோரிடத்துக்குப் போவதற்காக அமைக்கப்படுவது. அதுவே போய்ச்சேரும் இடமாவது அதன் இயல்பன்று. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் வீதியில், களப்புக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அண்டிய நாயாற்றில் வளர்ந்தவள் நான். எங்களூர்ப் பாலத்தைப் 'பார்க்கப் போகிறேன்' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. பாலத்தடியில் இறால் படுகிறதாம் என்பார்கள். பாலத்துக்கு அங்கால் பஸ் வருகிறது, ஓடு என்பார்கள். மாரியில் தண்ணீர் பாலத்தை முட்டிவிட்டதோ என்று கேட்பார்கள். எங்கள் பேச்சில் பாலம் எழுவாயாக வந்ததேயில்லை எனலாம். எப்பொழுதும் வேற்றுமையுருபு ஏற்றே வந்தது.

ஆகவே, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சக மாணவியர் நால்வருடன் எல்ல என்னும் ஊருக்குச் சென்று, அங்குள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு திரும்பியமை எனக்கு ஒரு புதிய அனுபவமாயிற்று. அங்கு நான் செய்த சிறு செயலொன்று அன்றுதொட்டு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பிறர் வாழும் இடத்தைக் காட்சியாகக் காண்பதற்கு நமக்குள்ள உரிமை யாது? அவ்வுரிமைக்கு எல்லையுண்டாயின் அதனை வகுப்பது எது? இவ்வினாக்களுக்கு முடிந்த முடிபாக விடைகண்டேனல்லேன். கண்ட அளவினை எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து ஏறிய புகையிரதத்தில் எங்களுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. ஆசனங்களிற் பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகள் அமர்ந்திருந்தனர். ஊருக்குப் போகும் சனங்கள் மூட்டைமுடிச்சுகளுடன் நடைவழியில் நின்றனர். நாங்கள் இரண்டுக்கும் நடுப்பட்டவர்கள்: பிரயாணிகளைப்போலப் பார்க்கப் போகிறவர்கள், சனங்களைப்போல நின்று போகிறவர்கள். எல்ல பதுளை மாவட்டத்தின் ஒரு சிற்றூர்தான். ஒரே தெரு, அதன் இருமருங்கும் உணவுச்சாலைகள், விடுதிகள், வாடகை முச்சக்கரவண்டிகள். வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று நெரிபடும் சனத்தை அறிந்தவள் நான். எனினும் அத்தெரு எனக்கு மூச்சுமுட்டியது. பொங்கலில் எல்லோரும் ஒரு திசையை நோக்கிப் போவார்கள். இங்கு எவரும் எங்கும் போகவில்லை. எல்லோரும் வந்திருந்தார்கள்.

பாலம், தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது. ஏறத்தாழ 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். 1921ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியரின் உருக்கெல்லாம் போருக்கே போய்விட, பி. கே. அப்புஹாமி என்னும் உள்ளூர்க் கட்டிடக்காரர் கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டே இதனைக் கட்டித்தர முன்வந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் ஒன்று வரலாறு: 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை மலைமேல் மலையாக நீண்டு 1924இல் பதுளையை அடைந்தது எவரும் வளைவின் அழகைக் காண வேண்டுமென்பதற்காக அன்று. முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் கீழே இறங்க வேண்டியிருந்தன. அவற்றை விளைவித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எம்மொழி பேசும் மக்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அழகென்று நாம் இன்று காணும் அவ்வளைவு, மலைச்சரிவை மீறாமல் ஒரு சுமையை இறக்குவதற்காகப் பொறியியலாளர் கொண்ட வளைவு. இதனால் அதன் அழகு குறைந்துபோகவில்லை. காலை வெயில் அந்தக் கல்வளைவுகளில் விழுந்தபோது நானும் வாயடைத்துத்தான் நின்றேன்.

அப்பொழுது பாலத்தின் மேல் தண்டவாளத்தின் இருபுறமும் நூறு பேரளவில் நின்றிருப்பர். புகையிரதம் வருவதற்கு நேரமிருந்தது. ஆட்கள் நடுவே சிறிது இடைவெளி தோன்றியபோது என் தோழி கைத்தொலைபேசியை உயர்த்தினாள். நாங்கள் நால்வரும் வரிசையில் நின்றோம். அந்நேரம் பாலத்தின் மறுகோடியிலிருந்து வயதான தாயொருவர் விறகுக்கட்டைத் தலையிற் சுமந்தபடி தண்டவாளக் கட்டைகளில் அடிவைத்து வந்துகொண்டிருந்தார். எங்கள் படத்தின் நட்ட நடுவே அவர் வருவார் போலிருந்தது. நான் கையை அசைத்து, 'கொஞ்சம் அந்தப் பக்கம்' என்று சைகை காட்டினேன். அவர் உடனே ஒதுங்கினார். பாலத்தின் ஓரச்சுவரோடு ஒட்டி, விறகுக்கட்டு எங்கள் படத்துக்குள் நீட்டாதபடி அதனை நெடுக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தேர்ச்சியோடு ஒதுங்குவதற்கு அவர் எத்தனை முறை ஒதுங்கியிருக்க வேண்டும்! படம் எடுத்தாயிற்று. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, 'தமிழ்ப் புள்ளைங்களா? எடுத்துக்கங்க பாப்பா, நா மெதுவா போறேன்' என்று சொல்லி எங்களைக் கடந்து போனார். அக்குரலில் கோபம் சிறிதுமில்லை. கோபம் இருந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

இமானுவேல் கான்ற் என்னும் ஜேர்மானிய மெய்யியலாளர், மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது, எப்பொழுதும் இலக்காகவும் நடத்த வேண்டும் என்றார். முதலாம் வருடத்தில் இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சையிலும் எழுதினேன். அன்று பாலத்தில் நான் செய்ததை இவ்விதியின்கீழ் அடக்கிப் பார்க்கிறேன், அடங்கவில்லை. அந்தத் தாயை நான் கருவியாகக்கூட நடத்தவில்லை. கருவிக்காவது ஒரு பயன் உண்டு. அவர் எனக்கு இடையூறாக மட்டுமே இருந்தார். அவருடைய பாலத்தில், அவருடைய வழியில், அவர் இடையூறு!

சிங்களத்தில் அப்பாலத்தை 'ஆருக்கு நமயே பாலம' என்கிறார்கள். 'ஆருக்கு' என்பது வளைவுகளையும் 'நமயே' என்பது ஒன்பதையும் குறிக்கும். பெயர்ப்பலகையில் சிங்கள எழுத்துக்களைக் கூட்டி வாசித்தபோது என் காதில் முதலில் விழுந்தது எங்கள் ஊர்ச்சொல். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் 'யாருக்கு' என்பதை 'ஆருக்கு' என்றுதான் சொல்வோம். இரு மொழிகளின் ஒலிகள் தற்செயலாக மோதிக்கொண்டதால் எழுந்த கேள்விக்கு மெய்யியற் பெறுமதி ஏதும் இல்லைத்தான். ஆயினும் திரும்பிவரும் வழியெல்லாம் அது என்னோடு வந்தது. ஆருக்கு?

இனி நான் கூறப்போவது எனது சொந்த வாழ்விலிருந்து எடுத்தது. யுத்தம் முடிந்த 2009இல் எனக்கு ஆறு வயது. முகாம் வாழ்வு கழிந்து ஊர் திரும்பும்வரை முள்ளிவாய்க்காலுக்கு அண்மையில் உறவினர் காணியில் தறப்பாள் கொட்டிலொன்றில் சில மாதங்கள் இருந்தோம். அக்காலத்தில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனங்கள் யுத்தம் நடந்த இடங்களைப் பார்க்க வந்தனர். 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஜோர்தான் நாட்டுக் கப்பலான 'ஃபாரா 3' அப்பொழுதும் துருவேறியபடி கரையோரம் நின்றது. அதன் முன்னால் குடும்பமாக நின்று படமெடுத்தார்கள். புதுக்குடியிருப்புக் காட்டிலிருந்த பிரபாகரனின் நிலக்கீழ் வீடு 2013இல் இராணுவத்தினரால் தகர்க்கப்படும்வரை ஒரு பெரிய காட்சிச்சாலையாகவே இருந்தது. போகும் வழியில் எங்கள் கொட்டிலும் இருந்தது.

ஒரு நாள் பஸ்ஸொன்று நின்றது. சன்னம் துளைத்த சுவரொன்று எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் தனியே நின்றது. அதனைப் படமெடுக்க இறங்கினர். ஒருவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்து, அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்படி சைகை காட்டினார். நின்றேன். பிசுக்கோத்துப் பைக்கற் ஒன்று கிடைத்தது. அதனை நான் விருப்பத்தோடு தின்றேன் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அவமானம் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை, பதினைந்து வயதில்தான் தோன்றிற்று. எல்லவிலிருந்து திரும்பிய இரவில் அந்தச் சைகையும் எனது சைகையும் ஒன்றின்மேலொன்று வந்து படிந்தன. என்னை ஒருவர் படத்துக்குள் வரச் சொன்னார். நான் ஒருவரைப் படத்துக்கு வெளியே போகச் சொன்னேன். திசைதான் வேறு, கை ஒன்றே.

அந்தப் பஸ்களில் வந்தவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமாகாது. அம்மா இன்றைக்கும் ஒருவரை மட்டும் நினைத்துச் சொல்வார். வெள்ளைச் சேலை உடுத்த முதியவர், படமெடுக்கவில்லை. கொட்டில் வாசலுக்கு வந்து, தெரிந்த இரண்டொரு தமிழ்ச் சொற்களில், 'அம்மா, தண்ணி?' என்று கேட்டார். அம்மா செம்பில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். குடித்தார், செம்பைத் திருப்பித் தரும்போது அம்மாவின் கையைச் சிறிது நேரம் பிடித்திருந்தார், போய்விட்டார். 'அந்த மனிசி ஆரோ, நல்லா இருக்கோணும்' என்பது அம்மாவின் வாழ்த்து. எங்களுக்குப் பொதி பொதியாகக் கொடுத்தவர்களை அம்மா மறந்துவிட்டார்; எங்களிடம் ஒன்றைக் கேட்டவரை மறக்கவில்லை. இவ்வேறுபாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கொடுப்பவர் தம்மிடத்தில் நின்றபடியே கொடுக்கலாம். கேட்பவர், அதிலும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவர், பிறருடைய வாசலில் தம்மைத் தாழ்த்தி நிற்கிறார்; தாமும் பார்க்கப்படுவதற்கு இடங்கொடுக்கிறார். கோயிலில் நாம் அம்மனைக் காண்பது மட்டுமன்று, அம்மன் நம்மைக் காண்பதும் தரிசனமே என்பது எம்மவர் நம்பிக்கை. பார்வை இருபக்கமும் ஓடுமிடத்தில் உறவு உண்டாகிறது. ஒரு பக்கம் மட்டும் ஓடுமாயின் மற்றப் பக்கத்திலுள்ளது காட்சிப்பொருளாகிவிடுகிறது.

மார்ட்டின் ஹைடெகர் 1951இல் டாம்ஸ்ரட் நகரில் ஆற்றிய ஓர் உரையில் பாலத்தைப் பற்றி விரிவாகப் பேசியுள்ளார். கட்டுதல், உறைதல், சிந்தித்தல் ஆகிய மூன்றையும் பொருளாகக் கொண்ட உரை அது. ஏற்கெனவே இருக்கும் இரு கரைகளைப் பாலம் இணைப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையிற் பாலம் கடக்கும்போதுதான் கரைகள் கரைகளாகத் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து. நயமான கருத்து, களப்புக்கரையில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்குவதுங்கூட. ஆனால் அவ்வுரையிற் பின்னர் அவர் கூறும் ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஹைடெல்பேர்க் நகரின் பழைய பாலத்தை இங்கிருந்தே நினைக்கும் நாம், நாள்தோறும் அதனைப் பொருட்படுத்தாமற் கடந்துபோகும் ஒருவரைவிட அதற்கு அணுக்கமாக இருத்தல் கூடும் என்கிறார். ஹைடெல்பேர்க், அன்றைக்கும் இன்றைக்கும், பிரயாணிகள் திரளும் நகரம். அந்தப் பாலம் அதன் முகம் போன்றது.

நாள்தோறும் கடப்பவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை என்று தொலைவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? எங்களூரில் விடியப்புறம் பாலத்தால் போகும் தொழிலாளிக்கு, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, முகத்துவாரத்து மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பன காலடியிலேயே தெரியும். அவர் பாலத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது உண்மைதான். தாயின் முகத்தையும் நாம் அப்படி நின்று உற்றுப் பார்ப்பதில்லை. கவனியாமலிருப்பது அலட்சியமும் ஆகலாம். முழு நம்பிக்கையும் ஆகலாம். மெய்யியலாளர் முதலாவதை மட்டுமே கண்டார். இன்னொன்றும் உண்டு. அவர் நினைக்கும்படி சொன்ன அந்தப் பழைய பாலத்தை, 1945 மார்ச்சில், பின்வாங்கிய ஜேர்மன் படையினரே வெடிவைத்துத் தகர்த்தனர்; அது திருத்திக் கட்டப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வுரையில் அதுபற்றிப் பேச்சில்லை. 1933இல் நாசிக் கட்சியிற் சேர்ந்த ஒருவர் அதைப் பேசாமல் விட்டதை நான் தற்செயல் என்று கொள்ளமாட்டேன். தொலைவிலிருந்து நினைப்பவருக்கு இந்த வசதி உண்டு: பாலத்தின் எந்தக் கல்லை நினைப்பது, எதை நினையாமல் விடுவது என்று அவரே தெரிந்தெடுக்கலாம். கடப்பவருக்கு அவ்வாறு தெரிந்தெடுக்க முடியாது. உடைந்திருந்தால் அவர் நனைய வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இதனை நாடு முழுவதும் அறிந்தது. முல்லைத்தீவு மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்திலும் பாலங்கள் உடைந்தன; மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணோடு போயிற்று. தொலைபேசி கிடைத்த அன்று அம்மா சொன்ன முதற் செய்தி, 'பாதை இல்லை' என்பதுதான். பாலம் எப்படித் தோற்றமளிக்கிறது என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் எனது கூற்றுக்கு ஒரு தடை எழும். பொருளியல் கற்கும் தோழி அதனை எல்லவிலேயே எழுப்பினாள். 'நீ இவ்வளவு யோசிக்கிறாய். ஆனால் அந்தத் தெருவில் இளநீர் விற்பவரைக் கேட்டுப் பார். பார்க்க வருபவன் காசோடு வருகிறான். ஆட்கள் பார்ப்பதால்தான் பல பழைய பாலங்கள் இடியாமல் நிற்கின்றன' என்றாள். இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. பொஸ்னியாவின் மொஸ்தார் நகரில் 1566இல் கட்டிமுடிக்கப்பட்ட கற்பாலம் 1993 நவம்பர் 9ஆம் திகதி எறிகணைகளால் வீழ்த்தப்பட்டது. உலகின் கண்ணில் அது நிறைந்திருந்தமையாற்றான் பல நாடுகள் பணம் கொடுக்க, 2004இல் அதேயிடத்தில் அதேவடிவில் மீண்டும் எழுந்தது. மறுவருடம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கோடையில் அங்கு நிற்க இடமிராது என்கிறார்கள். பாலத்தடியில் 1993ஐ மறவாதீர் என்று எழுதிய கல்லொன்று இருக்கிறது. பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கும் இளைஞருக்குப் பிரயாணிகள் காசு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கல்லும் அந்தக் காசும் ஒரே பாலத்தில் இருப்பது பொருந்துமா? நான் போய்ப் பார்த்ததில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்லேன். ஆனால் பார்ப்பவர் இல்லாவிட்டால் அங்கு பாலமே இராது, அந்தக் கல்லும் இராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆதலின், பார்ப்பது தவறு என்பது என் வாதமன்று. எம் முன்னோர் பயணத்தை மதித்தவர்கள். ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகையையே ஆக்கினர். அதிலே பயணம் போய்த் திரும்பிய ஒருவர், எதிர்ப்பட்ட வறியவர் ஒருவருக்கு வழி சொல்கிறார்: இன்ன நிலம் வரும், இன்ன மக்கள் இருப்பர், இன்ன உணவு தருவர் என்று. வழியிலுள்ள எயினரும் பரதவரும் உழவரும் அப்பாட்டுகளில் இடையூறாக நிற்கவில்லை, விருந்தளிப்பவராக நிற்கிறார்கள். கண்டு வந்தவரின் சொல் 'நான் போனேன்' என்பதோடு நின்றுவிடாமல் 'நீயும் போ, உனக்கும் கிடைக்கும்' என்று இன்னொருவரின் பசியை நோக்கிப் போகிறது. எங்கள் கைத்தொலைபேசிப் படம் முதலாவது வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. (எனது பார்வை மிகவும் கடுமையானது என்று இக்கட்டுரையின் முதற் பிரதியை வாசித்த தோழி கூறினாள். இருக்கலாம்.)

இவ்வளவையும் நான் ஒரு விளையாட்டு ஆராய்ச்சியாக எழுதவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு பாலம் இருக்கிறது. அதைப் பற்றி விரைவில் எவராவது ஒரு முடிவு எடுத்தேயாக வேண்டும்.

நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்தையே குறிப்பிடுகிறேன். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், நீர்மட்டத்தோடு தாழ்ந்து கிடக்கும் ஒடுங்கிய சீமெந்துப் பாலம் அது. ஒரு வாகனம் வந்தால் எதிரே வருவது காத்திருக்க வேண்டும். அழகென்று சொல்ல எதுவுமில்லை. 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்த பல்லாயிரவர் முல்லைத்தீவுப் பக்கம் வந்தது அதன் வழியாகவே. நானும் வந்தேன். தம்பியை அம்மா தூக்கியிருந்தார். நான் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன். பாலத்தைக் கண்டதாக எனக்கு நினைவேயில்லை. எனக்கு முன்னால் நடந்த ஒருவரின் முதுகுதான் நினைவிருக்கிறது, ஊதாநிறச் சேலை. அங்கு பதிவுக்கென்று தனியே நின்ற சின்னமாமா பின்னர் வரவேயில்லை. இவ்வாறு வராதவர்களின் தாய்மார் 2017 முதல் முல்லைத்தீவில் வீதியோரம் படங்களை ஏந்தி இருந்தனர். அவர்கள் ஏந்திய படங்களில் ஆட்கள் இருந்தார்கள், இடம் இல்லை; எங்கள் எல்லப் படத்தில் இடம் இருக்கிறது.

2025 செப்ரெம்பர் 2ஆம் திகதி அங்கு புதிய பாலமொன்றுக்கான வேலைகள் சனாதிபதியால் தொடக்கிவைக்கப்பட்டன. பாலம் வேண்டும். அம்புலன்ஸ் வண்டி விலகிநிற்க இடமில்லாத பாலத்தை நினைவுக்காக அப்படியே வைத்திருங்கள் என்று சொல்வதற்கு, அதைக் கடக்கத் தேவையில்லாத ஒருவருக்கு மட்டுமே மனம் வரும். ஆனால் புதியது எழுந்தபின் பழையதை என்ன செய்வது? இடித்து அள்ளிவிட்டால் நடந்ததற்குச் சாட்சியாக நின்ற ஒரே சீமெந்தும் போய்விடும். விட்டுவைத்தால், பெயர்ப்பலகை வரும்; பலகையில் எவருடைய சொற்கள் எழுதப்படும் என்பது அடுத்த சண்டையாக வரும்; பின்னர் பஸ்கள் வரும். யாரோ ஒருவர் அங்கு வாழும் பிள்ளையைப் பார்த்துக் கை அசைப்பார், உள்ளே வா என்றோ வெளியே போ என்றோ.

இதில் எம்மை நாமே விலக்கிக்கொள்ளவும் முடியாது. எனது ஊரையே எடுத்துக்கொள்வோம். 1984 டிசெம்பரில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடியடித்துத் தொழில்செய்த சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. அவர்கள் திரும்பிவரக் கால்நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இரண்டாவதை எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். முதலாவதை நான் பல்கலைக்கழக நூலகத்திற்றான் அறிந்தேன். எங்கள் பாலத்தடியில் எதை நினைப்பது, எதை விடுவது என்று நாங்களும் தெரிந்தெடுத்திருக்கிறோம். ஹைடெகரைக் குற்றஞ்சாட்டிய கையோடு இதையும் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

வட்டுவாகற் பாலத்தைப் பற்றி என்னளவில் ஒரு விருப்பம் உண்டு. அதனை இடிக்கலாகாது, வேலியடைத்துக் காட்சிப்பொருளாக்கவுமாகாது. நடந்து கடப்பதற்குத் திறந்திருக்க வேண்டும். வண்டிகள் புதிய பாலத்தாற் போகட்டும். பழையதில் வருபவர் எவராயினும், கொழும்பிலிருந்து வந்தாலென்ன கனடாவிலிருந்து வந்தாலென்ன, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் காலால் நடந்து போகட்டும். நின்று பார்க்கும் மேடை வேண்டாம். வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தால் தாகம் எடுக்கும். மறுகரையில் யாரிடமாவது தண்ணீர் கேட்க வேண்டிவரும். இது நடைமுறைக்கு ஒவ்வாத விருப்பம் என்று எனக்கே தெரிகிறது. அம்மாவிடம் இதனைச் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அம்மா மடியிலுள்ள பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கிய பின்னரே தலையை நிமிர்த்துவார். அவரிடம் நடந்துபோகச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை.

எல்லவில் எடுத்த படத்தை 2024ஆம் ஆண்டே ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நாங்கள் நால்வர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் பாலம் வளைந்து காட்டுக்குள் போகிறது. எங்களைத் தவிர ஒருவருமில்லை.

'வடிவாத்தான் கிடக்கு' என்றார். பிறகு, 'உந்தப் பாலத்தாலை ஆக்கள் போறேல்லையோ?' என்று கேட்டார்.

'போறவையம்மா.'

'எங்கை, ஒருத்தரையும் காணேல்லை?'

நான் கைத்தொலைபேசியை வாங்கி அணைத்துவிட்டு, விறகுக்கட்டோடு வந்த அந்தத் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.